தேனிலவில் முளைக்கும் ஐயம்: 'ஹனிமூன்' (2014) திரைப்படம் குறித்த பார்வையாளர் கருத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

லே ஜானியாக் இயக்கத்தில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹனிமூன்' என்னும் அமெரிக்கத் திகில் திரைப்படம், ஏரிக்கரை வீடொன்றில் தேனிலவைக் கழிக்கச் செல்லும் புதுமணத் தம்பதியரைப் பற்றியது. இப்படத்தைப் பார்த்தவர்களிடையே மூன்று குறைகள் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன: படம் மிக மெதுவாக நகர்கிறது, மனைவி தனக்கு நேர்ந்ததைக் கணவனிடம் ஏன் சொல்லவில்லை என்பது விளங்கவில்லை, முடிவில் எதற்கும் விளக்கமில்லை. இக்கட்டுரை இம்மூன்று கருத்துகளையும் படத்தின் அமைப்போடு ஒப்பிட்டு ஆராய்கிறது. முதல் குறை படத்தின் பயனை ஏற்றுக்கொண்டே அதன் விலையைத் தர மறுப்பது; இரண்டாம் குறை படத்தில் கணவன் எழுப்பும் கேள்வியின் எதிரொலி; மூன்றாம் குறையில் ஒரு பகுதி நியாயமானது என்பன இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: மெல்லெரிவுத் திகில், ஏற்புக் கோட்பாடு, எதிர்பார்ப்பு அடிவானம், மருட்கை, புதுமணத் தம்பதியர், பார்வையாளர் கருத்து.

1. முன்னுரை

திகில் திரைப்படங்களைப் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் பெரும்பாலும் படத்தையே நோக்கி அமைகின்றன. பார்வையாளர் அப்படத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது விளம்பரத் துறைக்கும் வணிகக் கணக்குக்கும் உரிய செய்தியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் திகில் என்பது ஒரு கதைவகையின் பெயராக மட்டும் நிற்பதன்று. அது பார்வையாளரிடம் தோன்ற வேண்டிய ஓர் உணர்ச்சியின் பெயருமாகும். நோயல் கேரல் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட திகிலின் தத்துவம் பற்றிய நூலில் இவ்வகைமைக்கு அதன் பெயரே அது எழுப்ப விரும்பும் உணர்ச்சியிலிருந்து வந்தது என்பதை வலியுறுத்துகிறார். அவ்வாறாயின், 'எனக்கு அச்சம் தோன்றவில்லை' என்று ஒரு பார்வையாளர் சொல்வது படத்தைப் பற்றிய புறச்செய்தியாகாது. அது படத்தின் பணி நிறைவேறியதா என்பது பற்றிய சான்று. அச்சான்றை ஏற்பதும் மறுப்பதும் திறனாய்வாளரின் பொறுப்பு. ஆராயாமல் விடுவது தகாது.

மெல்லெரிவுத் திகில் எனத்தக்க படங்களில் இச்சிக்கல் கூர்மையாக வெளிப்படுகிறது. அமெரிக்காவில் 1970களின் இறுதியிலிருந்து செயல்பட்டுவரும் சினிமாஸ்கோர் நிறுவனம், பரவலாக வெளியாகும் படங்களின் தொடக்க நாள் பார்வையாளரிடம் மதிப்பெண் அட்டைகளைக் கொடுத்துக் கருத்துப் பெறுகிறது. திறனாய்வாளர்கள் பெரிதும் பாராட்டிய 'தி விட்ச்' அங்குப் பெற்றது சி மைனஸ். 'இட் கம்ஸ் அட் நைட்' (2017) பெற்றது டி. 'ஹெரெடிட்டரி' (2018) பெற்றது டி பிளஸ். இவ்விடைவெளியைக் கண்டு 'பொதுப் பார்வையாளருக்குப் பொறுமையில்லை' என்று முடிவு கட்டுவது எளிது. 'திறனாய்வாளர் சலிப்பையே கலையென்று மயங்குகின்றனர்' என்று திருப்பிச் சொல்வதும் அதே அளவு எளிது. இரண்டு முடிவுகளும் கருத்தைச் சொன்னவரைப் பற்றிப் பேசுகின்றனவேயன்றிக் கருத்தைப் பற்றிப் பேசவில்லை.

இக்கட்டுரை ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறது. பார்வையாளர் கருத்துகளை எண்ணிக் கணக்கிடுவது இதன் நோக்கமன்று. அடிக்கடி எழும் குறைகளை வாதங்களாகக் கொண்டு, அவை படத்தின் முன் நிற்கின்றனவா என்று சோதிப்பதே நோக்கம்.

2. படமும் அதன் பின்னணியும்

'ஹனிமூன்' ஜானியாக்கின் முதல் முழுநீளப் படம். திரைக்கதையை அவரும் ஃபில் கிராசியாடேயும் இணைந்து எழுதினர். 2014 மார்ச் மாதம் ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானது. ஓடும் நேரம் 87 நிமிடம். ஜானியாக் பின்னர் 2021இல் வெளியான 'ஃபியர் ஸ்ட்ரீட்' முப்படத் தொடரை இயக்கினார்.

படத்தில் பேசும் பாத்திரங்கள் நால்வரே எனலாம். மணமகள் பியாவாக ரோஸ் லெஸ்லியும் மணமகன் பவுலாக ஹாரி ட்ரெடவேயும் நடித்துள்ளனர். ஏரிப்பகுதியில் உணவகம் நடத்தும் வில், அவன் மனைவி ஆனி ஆகியோர் மற்ற இருவர். மணநாளில் எடுக்கப்பட்ட காணொளிப் பதிவோடு படம் தொடங்குகிறது. தாங்கள் பழகிய கதையை இருவரும் கேமராவிடம் மாறி மாறிச் சொல்கின்றனர். பின்னர், பியாவின் குடும்பத்துக்குச் சொந்தமான ஏரிக்கரை வீட்டுக்கு வருகின்றனர். ஓரிரவு பவுல் விழித்துப் பார்க்கையில் பியா படுக்கையில் இல்லை. காட்டில் ஆடையின்றி, நினைவு கலங்கிய நிலையில் அவளைக் காண்கிறான். தூக்கத்தில் நடந்துவிட்டதாக அவள் சொல்கிறாள். அன்றுமுதல் அவளிடம் சிறுசிறு பிசகுகள் தோன்றுகின்றன. கணவனின் ஐயம் வளர்கிறது. அவள் தொடைகளில் காணும் காயங்களைக் கொசுக்கடி என்று அவள் சொல்லும்போது அது உறுதிப்படுகிறது. வேற்றுலகத்தார் என்று மட்டுமே ஊகிக்கத்தக்க சிலர் அவள் உடலைக் கைக்கொண்டுள்ளனர் என்பது இறுதிப் பகுதியில் தெரியவருகிறது. கணவனை அவர்களிடமிருந்து 'மறைத்துவைக்க' எண்ணிய பியா, அவன் உடலில் நங்கூரத்தைக் கட்டி ஏரியில் இறக்கிவிடுகிறாள்.

மணவாழ்வின் தொடக்கத்தில் துணைவர் வேறொருவராகத் தோன்றுவது திகில் படங்களுக்குப் புதிய பொருளன்று. ஜீன் ஃபவுலர் ஜூனியர் இயக்கிய 'ஐ மேரீட் எ மான்ஸ்டர் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' (1958) படத்தில் திருமணத்துக்கு முன்னிரவில் மணமகன் வேற்றுலக உயிரால் ஆள்மாறாட்டம் செய்யப்படுகிறான், மணமகள் ஐயுறுகிறாள். ரோமன் பொலான்ஸ்கியின் 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) இளம் மனைவியின் கருவறையைச் சூழ்ந்த சதியைச் சொல்கிறது. அதிலும் ஐயுறுபவள் மனைவியே. 'ஹனிமூன்' இந்த இருக்கைகளை இடம் மாற்றுகிறது. இங்கு ஐயுறுபவன் கணவன். ஐயத்துக்கு உள்ளாகிறவள் மனைவி. கேமரா பெரும்பாலும் கணவனோடு நடக்கிறது. பார்வையாளர் கருத்துகளைப் புரிந்துகொள்ள இந்த இடமாற்றம் இன்றியமையாதது.

3. 'மெதுவாக நகர்கிறது' என்னும் கருத்து

தம்பதியர் வீட்டுக்கு வந்ததிலிருந்து காட்டில் பியா கண்டெடுக்கப்படும் வரை 'எதுவும் நடக்கவில்லை' என்பதே முதல் குறை. இப்பகுதியில் அவர்கள் சமைக்கின்றனர், மீன் பிடிக்கச் செல்கின்றனர், கொஞ்சுகின்றனர், கேலி பேசுகின்றனர். நிகழ்ச்சி என்பதை ஆபத்து என்று பொருள்கொண்டால் இக்குறை சரியே. ஆனால் இதே பார்வையாளர்கள் பலர் படத்தில் தங்களைக் கலங்கவைத்த இடங்களாகப் பிற்பகுதியின் சில காட்சிகளைச் சுட்டுகின்றனர். அவற்றுள் முதன்மையானது காலையுணவுக் காட்சி. முட்டைக் கலவையில் தோய்க்காமலே ரொட்டியை வாட்டுகிறாள் பியா. காப்பிக் கொட்டையை அரைக்காமலே காப்பி இறக்க முனைகிறாள். பயணப் பெட்டிக்கு உரிய வழக்குச்சொல் நாவில் வராமல், அதன் பயனைக் கொண்டு ஒரு பெயரைக் கட்டிச் சொல்கிறாள்.

இவை ஏன் அச்சம் தருகின்றன? ரொட்டி வாட்டத் தெரியாத ஒருத்தியைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. நேற்றுவரை நன்றாக வாட்டியவள் இன்று மறந்தாள் என்பதே அச்சத்துக்குக் காரணம். அந்த 'நேற்றுவரை'யைப் பார்வையாளர் எங்கிருந்து அறிந்தார்? எதுவும் நடக்கவில்லை என்று அவர் ஒதுக்கிய பகுதியிலிருந்துதான். ஒருவரின் பேச்சு வழக்கு, கைப்பழக்கம், சிரிப்பு ஆகியவற்றை அறிந்தவரே அவை பிசகும்போது உணர முடியும். ஆகவே பியாவின் மாற்றம் கலங்கவைத்தது என்று சொல்லும் பார்வையாளர், தொடக்கப் பகுதி வீண் என்றும் சொல்வாராயின், அவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அறுவடையை ஏற்று விதைப்பை மறுப்பது போன்றது இது.

இதனால் மெதுவான படம் எல்லாம் நல்ல படம் என்று ஆகிவிடாது. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1967ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வாசகர் ஒரு படைப்பை ஏற்கெனவே தமக்குள்ள எதிர்பார்ப்பு அடிவானத்திலிருந்தே அணுகுகிறார் என்றும், அவ்வடிவானத்துக்கும் படைப்புக்கும் இடையிலுள்ள தொலைவு அதன் கலைத்தன்மையை அளக்க உதவும் என்றும் கூறினார். இக்கருத்தைத் திகில் படத்திற்குப் பொருத்துவோர், பார்வையாளர் ஏமாற்றமடைந்ததையே படத்தின் உயர்வுக்குச் சான்றாகக் காட்டிவிடுகின்றனர். அது தவறான பயன்பாடு. எதிர்பார்ப்பை மீறுவது வேறு. எதிர்பார்ப்பை விளம்பரத்தால் தூண்டிவிட்டு நிறைவேற்றாமல் விடுவது வேறு. 'இட் கம்ஸ் அட் நைட்' என்னும் தலைப்பு இரவில் ஏதோ ஒன்று வரும் என்று உறுதி தருகிறது. படத்தில் அப்படி எதுவும் வருவதில்லை. அங்குப் பார்வையாளரின் சினத்தில் நியாயம் உண்டு. 'ஹனிமூன்' என்னும் தலைப்போ தேனிலவை மட்டுமே உறுதியளிக்கிறது. அதை அது தருகிறது. தேனிலவு ஒரு தம்பதியருக்குத் தொடக்கத்திலேயே எவ்வளவு அந்நியமாக இருக்கக்கூடும் என்பதைக் காட்டவே அது நேரம் எடுத்துக்கொள்கிறது.

தொடக்கப் பகுதியில் ஒரு சிறு உரையாடல் இதற்குச் சான்று. உறவுக்குப்பின் பவுல் விளையாட்டாக, பியா தன் கருப்பைக்கு ஓய்வு தரவேண்டும் என்ற பொருளில் ஒரு சொல்லை உதிர்க்கிறான். அவள் முகம் மாறுகிறது. குழந்தை பற்றிய பேச்சு எழுந்து, தயக்கத்தோடு அடங்குகிறது. இதுவரை காட்டிலிருந்து எவரும் வரவில்லை. எனினும் பின்னர் வருகிறவர்கள் எதை நாடி வருவார்களோ, அதே இடத்தை முதலில் பெயர் சொல்லிக் குறித்தவன் கணவன். பவுலும் அவர்களும் ஒன்று என்று படம் சொல்லவில்லை. அவனது அன்பு மெய்யானது. ஆனால் ஒரு பெண்ணின் உடலின்மீது பிறர் கொள்ளும் உரிமை அன்பின் பேச்சிலும் ஒலிக்கக்கூடும் என்பதை இவ்வுரையாடல் முன்கூட்டியே பதிந்துவிடுகிறது. 'எதுவும் நடக்காத' பகுதியில் நடந்தவற்றுள் இதுவே முதன்மையானது.

4. அச்சமா, மருட்கையா?

படம் அச்சம் தரவில்லை என்னும் கருத்தை வேறொரு கருவியாலும் அணுகலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தையும் மருட்கையையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அச்சத்துக்கு உரியவை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன மருட்கைக்கு உரியவை. இங்குச் சிறுமை என்பது இழிவைக் குறிக்காது நுண்மையைக் குறிக்கும் என்றும், ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிவதைக் குறிக்கும் என்றும் உரைமரபு விளக்குகிறது. செய்யுளுக்காக வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டை அமெரிக்கப் படமொன்றுக்கு இலக்கணமாக்குவது பொருந்தாது. உணர்ச்சிகளைப் பிரித்தறியும் கருவியாக மட்டும் இதைக் கொள்ளலாம்.

அச்சத்தின் நிலைக்களன்கள் நான்கும் அஞ்சுபவருக்கு வெளியே நிற்பவை; அவற்றுக்கு உருவம் உண்டு, அவை எதிர்வரும். வழக்கமான திகில் படத்தின் பார்வையாளர் எதிர்பார்ப்பது இதையே. 'ஹனிமூன்' படத்தின் பெரும்பகுதி இயங்குவதோ மருட்கையின் களத்தில். ரொட்டியும் காப்பியும் பிசகிய சொல்லும் சிறுமையின் பாற்பட்டவை. பழகிய மனைவி அறியாத ஒருத்தியாகத் திரிவது ஆக்கத்தின் பாற்பட்டது. பியாவின் உடல் நலிந்து தோல் சிதையும் இறுதிக் காட்சிகள் பிணியைக் களனாகக் கொண்ட இளிவரலுக்கு நகர்கின்றன. அணங்கை எதிர்நோக்கி அமர்ந்த பார்வையாளருக்கு மருட்கை தரப்படுகிறது. 'எனக்கு அச்சம் தோன்றவில்லை' என்ற அவரது கூற்று உண்மையே. 'ஆகவே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை' என்று அதை நீட்டுவதில்தான் பிழை நேர்கிறது. பலர் படத்தை 'பயமில்லை, ஆனால் மனத்தை உறுத்தியது' என்ற போக்கில் மதிப்பிடுவதற்கு இதுவே காரணம் எனலாம். அம்மதிப்பீடு குறைபோலச் சொல்லப்பட்டாலும் துல்லியமான விவரிப்பு.

5. 'அவள் ஏன் சொல்லவில்லை?' என்னும் கருத்து

இரண்டாம் குறை பியாவின் நடத்தை பற்றியது. நடந்ததைக் கணவனிடம் சொல்லியிருந்தால் இருவரும் காரில் ஏறிப் புறப்பட்டிருக்கலாம்; அவள் பொய்மேல் பொய் சொல்வதால்தான் கதை நீள்கிறது; ஆகவே அது திரைக்கதையின் குறை என்பது இக்கருத்தின் சாரம். சிலர் இன்னும் ஒரு படி சென்று, பியா மேல் தங்களுக்கு இரக்கமே தோன்றவில்லை என்கின்றனர். இக்கருத்தை விரிவாக ஆராய வேண்டியுள்ளது.

முதலாவது, பியா சொல்லாமலிருப்பதற்குப் படம் காரணம் காட்டுகிறது. அவளிடமிருந்து பறிக்கப்படுவனவற்றுள் முதன்மையானது சொல். அவள் தன் பெயரையும் கணவன் பெயரையும் குறிப்பேட்டில் எழுதி எழுதிப் பார்க்கிறாள். குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, கணவனின் நெருக்கத்தைத் தவிர்க்கச் சொல்லவேண்டிய சாக்கை ஒத்திகை பார்க்கிறாள். பவுல் அதை ஒட்டுக்கேட்கிறான். இக்காட்சிகளை முதன்முறை காணும் பார்வையாளர், மனைவியின் இடத்தைக் கைப்பற்றிய ஏதோ ஒன்று அவளைப்போல் நடிக்கப் பயில்கிறது என்று எண்ணுவது இயல்பு. 1956இல் வெளியான 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' முதல் ஆள்மாறாட்டப் படங்கள் அவ்வாறு எண்ணப் பழக்கியுள்ளன. ஆனால் முடிவு தெரிந்தபின் அதே காட்சிகள் வேறு பொருள் பெறுகின்றன. அங்கு நடிகை எவரும் இல்லை. தான் கரைந்துகொண்டிருப்பதை அறிந்த ஒருத்தி, எஞ்சியிருக்கும் தன்னைக் கையால் எழுதிப் பிடித்துவைக்க முயல்கிறாள். பொய் என்று தோன்றியது நினைவைக் காக்கும் முயற்சியாக மாறுகிறது.

இரண்டாவது, பவுல் கேட்கும் கேள்விகளின் வடிவம் கருதத்தக்கது. அவன் முதலில் ஐயுறுவது வில்லோடு அவளுக்கு இருந்த பழைய பழக்கத்தை. ஆகவே அவனது தொடக்கக் கேள்விகள் கற்பு பற்றியவை. பின்னர், தங்கள் கடந்தகாலத்தைக் கேட்டுச் சோதிக்கிறான். விடை பிசகும்போது அவள் அவளல்லள் என்று முடிவு செய்கிறான். இவை விசாரணைக் கேள்விகள். 'நீ யார்?' என்று கேட்கிறான்; 'யாரோடு இருந்தாய்?' என்று கேட்கிறான். 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று கேட்பதற்கு முன்பே அவளைக் கட்டிலோடு கட்டிவிடுகிறான். குற்றம் சாட்டும் கேள்விக்குப் பதிலாகத் துயரத்தைச் சொல்ல முடியாது. கேள்வியின் அமைப்பே மௌனத்தை உண்டாக்குகிறது.

இங்கேதான் பார்வையாளர் கருத்து தன்னை வெளிப்படுத்திக்கொள்கிறது. 'ஏன் சொல்லவில்லை?' என்பது படத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வியன்று. அது பவுலின் கேள்வி. கேமரா பவுலோடு நடந்ததால் பார்வையாளரும் அவனோடு நடந்தார். அவன் அறிந்ததை மட்டும் அறிந்தார். அவன் ஐயுற்றபோது ஐயுற்றார். படம் முடிந்து அரங்கை விட்டு வெளியேறிய பின்னும் அவர் அந்த இடத்தை விட்டு எழவில்லை. காட்டில் ஆடையின்றிக் கண்டெடுக்கப்பட்ட ஒரு பெண், தொடைகளில் காயம், நினைவில் வெற்றிடம், தீண்டலுக்கு அஞ்சும் உடல். வேற்றுலகத்தாரை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவ்விவரங்கள் எதைச் சுட்டுகின்றன என்பது எவருக்கும் விளங்கும். வன்முறைக்கு உள்ளான பெண்களை நோக்கி எங்கும் கேட்கப்படும் முதற்கேள்வியும் இதுவே: ஏன் அப்போதே சொல்லவில்லை? பவுல் அதைக் கேட்கிறான். பார்வையாளர் அதைக் கேட்கிறார். இக்கேள்வியைத் திரைக்கதைக் குறையின் பட்டியலில் சேர்த்துவிடும்போது, படம் நம்மிடமிருந்து வெளிக்கொணர்ந்த ஒன்றை நாம் படத்தின்மேல் ஏற்றிவிடுகிறோம்.

இவ்வாசிப்பு பார்வையாளரை இழிவுபடுத்தும் நோக்கமுடையதன்று. ஐயுறும்படி படமே அவரை நடத்திச் சென்றது. அவர் ஐயுற்றது படம் வென்றதற்கு அடையாளம். ஆனால் முடிவை அறிந்த பிறகும் அக்கேள்வி மாறாமலிருந்தால் அது கருத்துரைப்பவர் சிந்திக்கவேண்டிய இடம். இரண்டாம் முறை பார்க்கும்போது பியாவின் முகத்தையே பின்தொடர்ந்தால், அவள் சொல்லாமலிருந்த காட்சிகள் பல சொல்ல முயன்று தோற்ற காட்சிகளாகத் தெரியும்.

6. 'முடிவில் விளக்கமில்லை' என்னும் கருத்து

வந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும், ஆனிக்கும் பியாவுக்கும் இறுதியில் என்ன ஆகிறது என்பன சொல்லப்படாமலே படம் முடிகிறது. உல்ஃப்காங் ஐசர் வாசிப்பில் வெற்றிடங்களின் பங்கை விளக்கினார்: பனுவல் சொல்லாமல் விட்டதை இணைத்து நிரப்புவதன் வழியே வாசகர் பொருளாக்கத்தில் பங்கேற்கிறார். இதைச் சொல்லி மூன்றாம் குறையை முழுமையாகத் தள்ளிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் எல்லா வெற்றிடமும் ஒரு தன்மையவல்ல.

பியாவுக்குக் காட்டில் நேர்ந்தது காட்டப்படாதது பயனுள்ள வெற்றிடம். அவளுக்கே நினைவில்லாததைப் பார்வையாளருக்குக் காட்டியிருந்தால் நாம் அவளைவிட அதிகம் அறிந்தவராகியிருப்போம். அவள் நிலையின் திகில் குறைந்திருக்கும். ஸ்வெதான் தொதரோவ் 1970இல் எழுதிய நூலில், இயற்கை விளக்கத்துக்கும் இயற்கைமீறிய விளக்கத்துக்கும் இடையிலான தயக்கமே புனைவியல்பின் உயிர் என்றார். பியாவின் மாற்றத்துக்குப் பிறர்மேல் கொண்ட காதல், நோய், வேற்றுலகம் என மூன்று விளக்கங்கள் வரிசையாக எழ, படம் அத்தயக்கத்தை நெடுநேரம் காப்பாற்றுகிறது.

சிக்கல் அதன்பின் எழுகிறது. பியாவின் உடலிலிருந்து புழுப்போன்ற ஒன்றைப் பவுல் இழுத்தெடுக்கும் காட்சி தயக்கத்தை ஒரே அடியில் முடித்துவைக்கிறது. அதுவரை சிறுமையில் இயங்கிய படம், அணங்கை எதிர்பார்த்தவருக்குக் கடைசியில் அதைக் கொடுக்கிறது. ஒளியில் நிற்கும் உருவங்களும் காட்டப்படுகின்றன. விளக்கம் தருவதில்லை என்று உறுதிபூண்ட படம் உருவத்தை மட்டும் காட்டுவது இரண்டுங்கெட்ட நிலை. காட்டியபின் 'யார் இவர்கள்?' என்று கேட்கப் பார்வையாளருக்கு உரிமை உண்டு; அக்கேள்வியைத் தூண்டியது படமே. ஆதலால் மூன்றாம் குறையை முதலிரண்டைப்போல் மறுக்க இயலாது.

மற்றொரு குறையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆனி என்னும் பாத்திரம் பியாவின் எதிர்காலத்தை முன்கூட்டிக் காட்டவே பெரிதும் பயன்படுகிறாள். ஒரே துயரில் இருக்கும் இரு பெண்கள் அதைப்பற்றித் தம்முள் பேசிக்கொள்ள ஒரு காட்சி அமைந்திருந்தால், கணவனின் கேள்விக்கு வெளியே பியாவுக்கு ஒரு மொழி கிடைத்திருக்கும். ஆண்களின் ஐயத்தைக் குறித்து நுட்பமாகப் பேசும் படம், அதிலிருந்து பெண்ணை விடுவித்துக் காட்டும் வாய்ப்பைக் கைநழுவவிட்டது எனலாம்.

இருப்பினும் இறுதிச் செயல் விளக்கமற்றதன்று. கணவனை நங்கூரத்தோடு கட்டி நீரில் இறக்கும் பியா, அவனைக் காப்பாற்றுவதாகவே நம்புகிறாள். நீருக்கடியில் மனிதர் மூச்சுவிட முடியாது என்னும் அறிவு அவளிடமிருந்து போய்விட்டது. அவனைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் போகவில்லை. அவள் பொய்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்ததும் இதுவே. 'ஏன் சொல்லவில்லை?' என்னும் கேள்விக்கு விடை இங்கே, மிகக் காலந்தாழ்ந்து, மிகக் கொடிய வடிவில் கிடைக்கிறது. முடிவில் விளக்கமில்லை என்போர் வேற்றுலகத்தாரைப் பற்றிய விளக்கத்தைத் தேடுகின்றனர். படம் தந்திருப்பது மனைவியைப் பற்றிய விளக்கம்.

7. முடிவுரை

'ஹனிமூன்' படத்தின் தொடக்கப் பகுதி மெதுவானது. அம்மெதுவின்றிப் பிற்பகுதியின் கலக்கம் இல்லை. எனவே முதல் கருத்து படத்தின் பயனாலேயே மறுக்கப்படுகிறது. 'அவள் ஏன் சொல்லவில்லை?' என்னும் இரண்டாம் கருத்து, கணவனின் பார்வைக்குள் பார்வையாளர் அமர்ந்துவிட்டதன் விளைவு. விளக்கமின்மை பற்றிய மூன்றாம் கருத்து, படம் தன் கட்டுப்பாட்டைத் தானே மீறிய இடங்களைச் சரியாகச் சுட்டுகிறது.

பார்வையாளர் கருத்துகளைத் திறனாய்வு இருவகையில் வீணாக்கக்கூடும்: அறியாமை என்று தள்ளுவது ஒன்று, பெரும்பான்மை என்று பணிவது மற்றொன்று. கருத்து ஒவ்வொன்றையும் அது எந்தக் காட்சியிலிருந்து, யாருடைய பார்வையிலிருந்து எழுந்தது என்று பின்தொடர்ந்து சென்றால், அது படத்தின் அமைப்பைப் பற்றியும் கேட்பவரின் பழக்கங்களைப் பற்றியும் ஒருங்கே சொல்லும். மெல்லெரிவுத் திகில் படங்கள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை; ஏனெனில் அவை பார்வையாளரை நெடுநேரம் காத்திருக்கவும் ஊகிக்கவும் வைக்கின்றன. பிற மெல்லெரிவுத் திகில் படங்களின் ஏற்பு வரலாற்றையும் இவ்வாறு காட்சி காட்சியாக ஒப்பிட்டு ஆராய்வது பயன் தரும். துணையின்மேல் எழும் ஐயத்தைப் பொருளாகக் கொண்ட படங்களில், பார்வையாளரின் ஐயம் யார் பக்கம் சாய்கிறது என்பதை அத்தகைய ஆய்வு முதலில் கேட்கவேண்டும்.